பெரிய வைல்ட்கேட் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மைலுக்கு அப்பால் நிற்கும் எஃகுத் தட்டை அடிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும், பலரும் முதலில் கேட்பது தோட்டாவின் பெயரைத்தான். "எந்த வைல்ட்கேட் எடுக்கலாம்?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, அரைமணி நேரத்தில் குழல், ஆக்‌ஷன், பவுடர் என்று எங்கெங்கோ போய்விடும். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்றால் முழு உருப்படி. குண்டு என்றால் அதன் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி. கூடு என்றால் பவுடரையும், அதைப் பற்றவைக்கும் பிரைமரையும் தாங்கி நிற்கும் பித்தளை உறை; அதில் குண்டைப் பிடிக்கும் குறுகிய வாய் கழுத்து, கழுத்துக்கும் உடலுக்கும் இடையிலான சரிவு தோள். ஆக்‌ஷன் என்றால் குழலின் பின்னால் தோட்டாவைப் பூட்டிச் சுடவைக்கும் பகுதி; அதில் முன்பின் நகரும் தண்டு போல்ட். பெயரில் வரும் .338 போன்ற எண், குண்டின் ஏறத்தாழ விட்டம், அங்குலத்தில். எடைகளை கிரெயினில் சொல்கிறேன்; ஒரு கிரெயின் 0.0648 கிராம்.

வைல்ட்கேட்னா என்ன? ஏன் அது கடையில கிடைக்கிறதில்ல?

தோட்டாவின் அளவுகளையும் அழுத்த வரம்பையும் அமெரிக்காவில் சாமி (SAAMI), ஐரோப்பாவில் சிஐபி (CIP) ஆகிய அமைப்புகள் பதிவு செய்து வெளியிடுகின்றன. அந்தப் பதிவு இல்லாமல், ஏற்கெனவே இருக்கும் ஒரு கூட்டை ஒருவர் தன் தேவைக்கு மாற்றி உருவாக்கிய தோட்டாதான் வைல்ட்கேட். கழுத்தைச் சுருக்கலாம், விரிக்கலாம், கூட்டைக் குட்டையாக்கலாம், தோளைச் செங்குத்தாக்கிக் கொள்ளளவைக் கூட்டலாம். மாற்றத்துக்கு எடுத்துக்கொண்ட மூலக் கூட்டைத் தாய்க்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைல்ட்கேட்டாகவே எல்லாம் நின்றுவிடுவதில்லை. .22-250 பல்லாண்டு வைல்ட்கேட்டாக இருந்து 1965-இல் ரெமிங்டன் தோட்டாவானது. .25-06-க்கு அந்த இடம் கிடைத்தது 1969-இல். பெரிய அளவுகளில் .338 நார்மா மேக்னமும் அப்படி வந்ததுதான். ஒரு கூடு நன்றாக வேலை செய்தால் யாராவது ஒரு நிறுவனம் அதை எடுத்துக்கொள்கிறது. அதனால், நீங்கள் நினைக்கும் வைல்ட்கேட்டுக்கு நிகரான பதிவுபெற்ற தோட்டா ஏற்கெனவே வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

மிகத் தொலைதூரம்னு எதைச் சொல்றீங்க? 1,000 மீட்டர் சேருமா?

சேராது. 1,000 மீட்டர் இன்று சாதாரணத் தொலைதூரம்; 6.5 கிரீட்மூர் போன்ற சிறிய தோட்டாவே அதை நன்றாகச் செய்யும். பெரும்பாலோர் ஒரு மைலை, அதாவது 1,609 மீட்டரை எல்லையாக வைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு கணக்கு. குண்டின் வேகம் ஒலி வேகத்தின் 1.2 மடங்குக்கு இறங்கும் இடத்திலிருந்து மிகத் தொலைதூரம் தொடங்குகிறது என்று கொள்ளலாம். 15 டிகிரி வெப்பத்தில் ஒலி வேகம் நொடிக்கு 340 மீட்டர், 1.2 மடங்கு என்றால் 408. அதற்குக் கீழே குண்டின் மேல் காற்று நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது, கணிப்பும் கடினமாகிறது. இந்தப் பகுதியை ஒலியருகு வேகம் என்று கீழே குறிப்பிடுகிறேன். இப்படிப் பார்த்தால் எல்லை தோட்டாவுக்குத் தோட்டா மாறும்.

.338 லபுவா மேக்னம் என்கிட்ட இருக்கு. அது போதாதா, வைல்ட்கேட் அவசியமா?

நிறைய பேருக்குப் போதும். கடல் மட்டத்தில், 300 கிரெயின் நல்ல குண்டு நொடிக்கு 825–830 மீட்டரில் கிளம்பினால், ஒலியருகு வேகத்துக்கு இறங்க ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆகும். ஒரு மைல் தட்டை அதை வைத்து அடிக்கிறவர்கள் பலர். ஆயத்தத் தோட்டாவும், தரமான கூடும், சோதித்த பவுடர் அளவுகளும் எல்லாம் கிடைக்கின்றன.

உங்கள் இலக்கு 1,500 மீட்டருக்குள் என்றால் வைல்ட்கேட்டுக்குப் போகும் பணத்தைக் குண்டுக்கும் பயிற்சிக்கும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். 2,000 மீட்டரைத் தாண்டி, 2 மைல் (3,219 மீட்டர்) வரை போக நினைக்கிறவருக்கு .338 குறைப்படும். மேற்கொண்டு படிக்க வேண்டியவர் அவர்தான்.

சரி, எனக்கு வேணும்தான். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

குண்டிலிருந்து. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும் என்றால் இதை வையுங்கள். குழலை விட்டு வெளியேறிய பிறகு, எந்தக் கூட்டிலிருந்து வந்தோம் என்பது குண்டுக்குத் தெரியாது. அதன் எடை, வடிவம், வேகம், சுழற்சி இவைதான் மிச்சம். எனவே எவ்வளவு தூரம் என்று முடிவு செய்யுங்கள். அந்தத் தூரத்தில் வேலை செய்யும் குண்டு எது, அது தொடர்ந்து கிடைக்குமா என்று பாருங்கள். அந்தக் குண்டுக்கு என்ன ட்விஸ்ட் (குழலின் உள்மரை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுக்கும் நீளம்) வேண்டும், என்ன வேகம் வேண்டும் என்று கணக்கிடுங்கள். அந்த வேகத்தைத் தருகிற மிகச் சிறிய கூடு எதுவோ அதுதான் உங்கள் கூடு.

ஆசைப்படுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய கூட்டைப் பார்த்து மயங்கி ரீமர் (குழலில் தோட்டா அமரும் இடமான சேம்பரைக் குடையும் கருவி) செய்யச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு அந்த அளவில் ஒரே ஒரு நல்ல குண்டுதான் இருக்கிறது, அதுவும் வருடத்துக்கு ஒருமுறைதான் தயாராகிறது என்று தெரியவரும்போது கையில் இருப்பது அழகான குழல் மட்டும்.

.338, .375, .416, .50: எந்த அளவு குண்டு நல்லது?

அளவு கூடினால் தானாகவே நல்லது என்று நினைக்க வேண்டாம். குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, விட்டத்தின் வர்க்கத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் குறுக்குவெட்டு அடர்த்தி கிடைக்கும். காற்றைக் கிழித்துப் போகும் திறனில் பாதி இது, மீதி வடிவம். .338-இல் 300 கிரெயின் குண்டுக்கு இது 0.375. .375-இல் பலகாலமாகப் புழங்கும் 350 கிரெயின் குண்டுக்கு 0.356 மட்டுமே! அதாவது பெரிய குழலுக்கு மாறி, அந்தக் குண்டையே போட்டால், கிடைப்பது வேகம் மட்டும்தான். .375-இன் உண்மையான பலன் 400 கிரெயினைத் தாண்டிய நீளமான குண்டுகளில் இருக்கிறது. 407 கிரெயினுக்கு அடர்த்தி 0.413. .416-இல் 550 கிரெயின் குண்டுக்கு 0.454. .50-இல் 750 கிரெயினுக்கு 0.412.

இதைக் காற்றில் வைத்துப் பாருங்கள். பக்கக் காற்று ஒரு குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்குப் பழைய, எளிய சூத்திரம் ஒன்று உண்டு: காற்றின் வேகத்தை, குண்டு தாமதித்த நேரத்தால் பெருக்க வேண்டும். தாமதம் என்பது, உண்மையில் பறந்த நேரத்துக்கும், வேகமே குறையாமல் பறந்திருந்தால் ஆகியிருக்கும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு மைலில் .338-இன் தாமதம் ஏறத்தாழ 0.9 நொடி, நீளமான .375 குண்டின் தாமதம் 0.65 நொடி. அப்படியென்றால் காற்றை நொடிக்கு 1 மீட்டர் தப்பாக மதிப்பிட்டால் முதலாவது 90 சென்டிமீட்டர் விலகும், இரண்டாவது 65. தட்டு ஒரு மீட்டர் அகலம் என்றால், நடுவைக் குறிவைத்த .338 தட்டை விட்டு வெளியே போயிருக்கும்; .375 பதினைந்து சென்டிமீட்டரில் தவறியிருக்கும். காற்றைப் பாதி மீட்டர் துல்லியத்தில் படிக்கக் கற்றவருக்கு இரண்டுமே தட்டில் விழும்.

என் கருத்து: முதல் பெரிய துப்பாக்கிக்கு .375. குண்டுகள் அதிகம், கூடு கிடைக்கும், தோள் தாங்கும். .416 அதைவிட நன்றாகப் பறக்கும், ஆனால் துப்பாக்கியும் செலவும் இன்னொரு படி ஏறும். .50-க்கு வலிமை உண்டு. அதில் நுட்பமான இலக்குக் குண்டுகளின் தேர்வு .375-ஐ விடக் குறைவு.

எந்தத் தாய்க்கூட்டை எடுக்கலாம்? கொள்ளளவு இருந்தா போதும்தானே?

போதாது. கூட்டின் அடிப்பகுதி அழுத்தத்தைத் தாங்க வேண்டும். .338 லபுவாவின் வரலாறே இதற்குச் சாட்சி. 1980-களில் .416 ரிக்பி கூட்டின் கழுத்தை .338-க்குச் சுருக்கிச் செய்த முயற்சி சரியாக வரவில்லை. ரிக்பி 1911-இல் வந்த வேட்டைத் தோட்டா; சிஐபி வரம்பே 325 மெகாபாஸ்கல்தான். வேண்டிய வேகத்துக்கான அழுத்தத்தை அந்தப் பித்தளை தாங்கவில்லை. லபுவா அடிப்பகுதியைக் கனமாகவும் கடினமாகவும் மாற்றி வடிவமைத்த பிறகுதான், 1989-இல் 420 மெகாபாஸ்கல் வரம்போடு அது பதிவானது. .408 செய்டாக்கும் அப்படியே: .505 கிப்ஸ் கூட்டின் அடிப்படையில், அடிப்பகுதியைப் பலப்படுத்தி 2001 வாக்கில் வந்தது. அதன் கழுத்தைச் சுருக்கியதுதான் .375 செய்டாக்.

இன்று பெரிய வைல்ட்கேட்டுகளில் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களில் அடங்கும்: லபுவா, செய்டாக், .50 பிஎம்ஜி (பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கித் தோட்டா). .416 பாரெட் தோட்டாவே .50 கூட்டைக் குட்டையாக்கிச் சுருக்கியதுதான். இந்த மூன்றுக்கு வெளியே போகிறவருக்குத் தக்க காரணம் இருக்க வேண்டும்.

.50 பிஎம்ஜி கூட்டை .338-க்குச் சுருக்கினா பறக்குமே, ஏன் யாரும் செய்யறதில்ல?

செய்து பார்த்தவர்கள் உண்டு. கூட்டின் கொள்ளளவை, அது கொள்ளும் நீரின் எடையாகக் கிரெயினில் எடுத்து, குண்டின் குறுக்குவெட்டுப் பரப்பால் (சதுர அங்குலத்தில்) வகுத்துப் பாருங்கள். .308 வின்செஸ்டருக்கு 750 வரும். .408 செய்டாக்குக்கு 1,220, .338 லபுவாவுக்கு 1,270, .375 செய்டாக்குக்கு 1,450. நீங்கள் சொல்வதற்கு 3,000-ஐத் தாண்டும். அவ்வளவு பவுடரையும் அந்தச் சிறிய துளை வழியே எரித்துத் தள்ள முடியாது. பவுடர் பாதிதான் பயனாகும், மீதி குழலின் தொடக்கப் பகுதியைத் தின்னும், வெடிப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

வைல்ட்கேட் உலகின் பெரிய பெயரான பி. ஓ. ஆக்லி, .378 வெதர்பி கூட்டில் .22 குண்டைப் பொருத்தி ஒரு தோட்டாவைச் செய்தார். நொடிக்கு 5,000 அடி என்ற எல்லையைத் தொடும் முயற்சி அது. 4,600 அடி வாக்கில் நின்றுவிட்டது. அத்தனை பெரிய கூட்டாலும் தொட முடியாத எல்லை என்றால், கொள்ளளவுக்கு ஒரு உச்சம் இருக்கிறது என்றுதான் பொருள். தொலைதூரத்துக்கு, மேலே வகுத்துப் பார்த்த அந்த எண் 1,500 வரை சரி. 1,700-ஐத் தாண்டும் வடிவத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

"இம்ப்ரூவ்ட்" கூடுன்னு சொல்றாங்களே, அதுல எவ்வளவு வேகம் கூடும்?

எதிர்பார்ப்பதை விடக் குறைவு. கொள்ளளவு எத்தனை சதவீதம் கூடுகிறதோ அதில் கால்பங்குதான் வேகத்தில் கூடும், அழுத்தம் அதேதான் என்றால். .338 லபுவாவின் பக்கங்களை நேராக்கி, தோளை 40 டிகிரிக்குத் தூக்கினால் கொள்ளளவு 8 சதவீதம் கூடலாம். வேகம் 2 சதவீதம் கூடும்: நொடிக்கு 16 அல்லது 17 மீட்டர்.

அதன் பலனை இப்படிப் பாருங்கள். .338 குண்டு கிளம்பியதும் ஒவ்வொரு மீட்டருக்கும் நொடிக்கு மூன்றில் ஒரு மீட்டர் வேகத்தை இழக்கிறது. ஆக அந்த 16 மீட்டர் வேகம் என்பது, பழைய துப்பாக்கியைத் தட்டுக்கு 50 மீட்டர் அருகில் தூக்கி வைத்ததற்குச் சமம். 1,600 மீட்டரில் அடிப்பது 1,550-இல் அடிப்பது மாதிரி. அதற்காகக் கூடுகளைத் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டு விரித்து வடிவமைக்க வேண்டும், கூட்டை அளவுக்கு அழுத்தும் தனி டை வேண்டும், குழல் சீக்கிரம் போகும். கூடு நீளாமல் பல தடவை தாங்குவது ஒரு நன்மைதான், மறுக்கவில்லை. வேகத்துக்காக மட்டும் என்றால், இம்ப்ரூவ்டை விட அடுத்த அளவு குண்டுக்குப் போவது மேல்.

வேகம் கூடினா நல்லதா, சீரா இருந்தா நல்லதா?

மிகத் தொலைதூரத்தில் சீர்தான். நொடிக்கு 885 மீட்டரில் கிளம்பும் .375 குண்டு ஒரு மைலில், குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 24 மீட்டர் கீழே விழுகிறது. அடுத்த குண்டு நொடிக்கு 10 மீட்டர் மெதுவாகக் கிளம்பினால் அது இன்னும் அரை மீட்டர் கீழே போகும். 2 மைலில் விழுவது 100 மீட்டருக்கும் மேல். அங்கே அதே 10 மீட்டர் வித்தியாசம் இரண்டு மூன்று மீட்டராக வளர்ந்து நிற்கும். தட்டே அவ்வளவு உயரம் இருக்காது.

அதனால் 20 மீட்டர் வேகம் குறைந்தாலும், வித்தியாசம் 3 அல்லது 4 மீட்டருக்குள் நிற்கிற கூட்டைத்தான் எடுக்க வேண்டும். கூட்டின் உள்ளே பவுடர் நன்றாக நிரம்பி இருப்பது, கூடுகளின் எடை ஒத்திருப்பது, கழுத்தை ஒரே மாதிரி பதப்படுத்துவது, பவுடரை நுண்தராசில் நிறுப்பது: இவற்றில்தான் அது கிடைக்கும். வைல்ட்கேட்டில் நான் காணும் மிகப் பெரிய நியாயம் இதுவே. உங்கள் குண்டுக்கும் பவுடருக்கும் பொருந்திய கொள்ளளவை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

ட்விஸ்ட் எவ்வளவு வைக்கணும்? ஈயக் குண்டுக்கும் முழு உலோகக் குண்டுக்கும் ஒண்ணுதானா?

ஒன்றல்ல. குண்டைச் சுழற்றி நிலைநிறுத்தத் தேவையான ட்விஸ்டைத் தீர்மானிப்பது எடையை விட நீளம்தான். செம்பு அல்லது பித்தளையில் கடைந்த முழு உலோகக் குண்டு ஈயத்தை விட இலேசானது; அதே எடைக்கு நீளமாக இருக்கும். .375-இல் 350 கிரெயின் ஈயக் குண்டுக்கு 10 அங்குலத்தில் ஒரு சுற்று போதும். 400 கிரெயினைத் தாண்டிய முழு உலோகக் குண்டுக்கு 7 அல்லது 8 அங்குலம் கேட்கும்.

சுழலும் குண்டின் நிலைப்பைக் கணக்கிடும் மில்லர் சூத்திரத்தில் போட்டு நிலைப்பு எண் 1.5-க்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். கணக்கைக் கடல் மட்டத்திலும் குளிரிலும் வையுங்கள். அடர்ந்த காற்றில்தான் நிலைப்பு குறையும். மலை மேல் நன்றாகச் சுட்ட குழல், கீழே வந்ததும் தடுமாறிய கதைகள் இதனால்தான்.

இப்ப இருக்கிற என் ஆக்‌ஷன்லயே குழலை மட்டும் மாத்திக்கலாமா?

கூட்டின் அடி விட்டத்தைப் பாருங்கள். அழுத்தம் ஒன்றே என்றாலும், போல்ட்டைப் பின்னால் தள்ளும் விசை அடியின் பரப்போடு கூடுகிறது. .308 அடியை விட .338 லபுவா அடியின் பரப்பு ஒன்றரை மடங்கு. லபுவாவை விட .50 பிஎம்ஜி கிட்டத்தட்ட 1.9 மடங்கு. லபுவாவுக்குச் செய்த ஆக்‌ஷனில் லபுவா குடும்ப வைல்ட்கேட் போடலாம். போல்ட் முகத்தைக் குடைந்து செய்டாக் அடியைப் பொருத்த முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். குடையும்போது, போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் பிடிகளைச் சுற்றிய உலோகம் குறைகிறது, அதே நேரத்தில் விசை கூடுகிறது. சுடுபவரின் முகத்துக்கு மிக அருகில் நடக்கும் வேலை இது.

ரீமர் வாங்கும்போது எதைக் கவனிக்கணும்?

சேம்பரில் கழுத்துக்கு முன்னால், மரை தொடங்கும் வரை உள்ள பகுதியைத் தொண்டை என்போம். அதன் நீளம்தான் குண்டு எவ்வளவு வெளியே நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. நான் ஒருமுறை 350 கிரெயின் குண்டை வைத்து ரீமர் வரைபடம் கொடுத்தேன். ஆறு மாதத்தில் நீளமான முழு உலோகக் குண்டுக்கு மாறினேன். தொண்டை குட்டையாக இருந்ததால் குண்டின் பின்பாதி கூட்டின் உள்ளே பவுடர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எதற்காகப் பெரிய கூடு எடுத்தேனோ அந்தக் கொள்ளளவே போய்விட்டது. தொண்டையை மறுபடி நீட்டக் குழலை அனுப்பி, ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தேன்.

ஆகவே நீங்கள் உண்மையில் சுடப்போகும் குண்டை, பவுடரும் பிரைமரும் இல்லாத கூட்டில் வேண்டிய நீளத்தில் செருகி, அந்த மாதிரித் தோட்டாவை ரீமர் செய்பவருக்கு அனுப்புங்கள். ரீமரோடு ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் கூட்டின் தோள் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளவுகோலையும், அதே வரைபடத்தில் டையையும் சேர்த்தே வாங்குங்கள்.

பவுடர் எவ்வளவு போடணும்னு யாராவது சொல்வாங்களா? நண்பர் அளவையே போடலாமா?

நண்பரின் அளவு அவருடைய சேம்பருக்கு, அவருடைய கூட்டுக்கு, அவர் வாங்கிய பவுடர் தொகுதிக்கு. அதை நேரே எடுத்துக்கொள்வது ஆபத்து. நான் இங்கே எந்த அளவையும் எழுதாததற்கும் அதுதான் காரணம். பவுடர் நிறுவனம் அல்லது அந்தக் கூட்டை வடிவமைத்தவர் தரும் தொடக்க அளவிலிருந்து சிறுசிறு படியாக ஏற வேண்டும். மென்பொருள் கணிப்பு உதவும். உங்கள் கூட்டின் நீர்க் கொள்ளளவை நீங்களே அளந்து கொடுத்தால் மட்டும். தொடக்க அளவுக்கும் கீழே தன்னிச்சையாகக் குறைப்பதும் தவறு. மெதுவாக எரியும் பவுடர்கள் பாதி நிரம்பிய பெரிய கூட்டில் கணிக்க முடியாதபடி நடந்துகொள்ளலாம்.

பிரைமர் தட்டையாவது, போல்ட் இறுகுவது போன்ற அறிகுறிகள் தெரியும் நேரத்தில் அழுத்தம் ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். அவற்றை விட முன்னதாகப் பேசுவது வேகமானிதான். கொள்ளளவுக்கு வர வேண்டிய வேகத்தை விடக் கூடுதலாகக் காட்டினால் மகிழாதீர்கள். அந்த வேகத்துக்கு விலை அழுத்தம். இறங்கி வாருங்கள். குளிர் நாளில் சரியாக இருந்த அளவு வெயில் நாளில் அதிகமாகலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

குழல் எத்தனை சுடுதலுக்குத் தாங்கும்?

.375 செய்டாக் வகையில், உயர்ந்த துல்லியத்தோடு 1,000 முதல் 1,500 என்று திட்டமிடுங்கள். மேலே சொன்ன கொள்ளளவு–பரப்பு எண் ஏற ஏற இது இறங்கும். குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு நொடியின் ஐநூறில் ஒரு பங்குதான். கூட்டிப் பார்த்தால் ஒரு குழலின் மொத்த வேலை நேரமே இரண்டு மூன்று நொடி. வெந்நிற வெப்பத்தில் அந்தச் சில நொடிகளைத் தாங்குகிறது. குழல் சூடாகும்படித் தொடர்ந்து சுடாமல் இடைவெளி விட்டாலே ஆயுள் கூடும்.

பின்னுதைப்பு தாங்குமா சார்? எனக்கு உடம்பு சின்னது.

எடையான துப்பாக்கியாக இருந்தால் தாங்கும். 350 கிரெயின் குண்டோடு ஒரு .375 செய்டாக்கை 5 கிலோ துப்பாக்கியில் சுட்டால், பின்னுதைப்பு ஆற்றல் 95 ஜூல் அளவுக்கு வரும். 12 கிலோவில் 40 ஜூல். 4 கிலோ .308 துப்பாக்கியில் 19. நல்ல மசில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பைக் குறைக்கும் குழல்முனைக் கருவி) போட்டால் அந்த 40 பாதியாகி .308 பக்கத்தில் வந்துவிடும். சின்ன உடம்பு தடையே இல்லை. காதுக்கு மட்டும் செருகியும் மூடியும் இரண்டும் அவசியம்; பிரேக்கின் சத்தம் பக்கவாட்டில் நிற்பவரைத்தான் அதிகம் பாதிக்கும்.

2 மைலுக்கு ஸ்கோப்ல திருப்ப இடமே இல்லையே?

ஆமாம், இருக்காது. 2 மைலுக்கு .375-இல் ஸ்கோப்பைத் திருப்ப வேண்டிய கோணம் 45 மில்லிரேடியனையும் தாண்டும் (ஒரு மில்லிரேடியன் என்றால் 1,000 மீட்டரில் ஒரு மீட்டர்). நல்ல ஸ்கோப்பின் முழுத் திருப்பமே 25 முதல் 35 வரைதான். சாய்வான ரயில் கொஞ்சம் தரும், சாய்வை மாற்றக்கூடிய மவுண்ட் இன்னும் தரும். மீதியை ஸ்கோப்புக்கு முன்னால் வைக்கும் பிரிசம் ஈடுகட்டும். துப்பாக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கும் முன்கூட்டியே இடம் விடுங்கள்.

ஒலியருகு வேகத்துல குண்டு தடுமாறும்னா, 2 மைல் போட்டில எப்படி அடிக்கிறாங்க?

இரண்டு காரணம். முதலாவது உயரம். 2 மைல் போட்டிகளுக்குப் பெயர் பெற்ற நியூ மெக்சிகோவின் ராட்டன் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. கடல் மட்டத்தில் 1,800 மீட்டரையொட்டி ஒலியருகு வேகத்துக்கு இறங்கும் நீளமான .375 குண்டு, அங்கே இன்னும் சில நூறு மீட்டர் போகும். யாராவது தன் தோட்டா இத்தனை தூரம் ஒலியை விட வேகமாகப் போகிறது என்று சொன்னால், எந்த உயரத்தில் என்று கேளுங்கள்.

இரண்டாவது, எல்லாக் குண்டும் தடுமாறுவதில்லை. நீளமான பின்சரிவும் போதுமான சுழற்சியும் உள்ள சில குண்டுகள் அந்தப் பகுதியை அமைதியாகக் கடந்து, ஒலிக்குக் கீழேயும் ஒழுங்காகப் பறக்கின்றன. எது கடக்கும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். ட்விஸ்ட் பற்றிய பதிலில் 1.5 என்று சொன்னதற்கு இங்கே முழு அர்த்தம் வருகிறது.

சட்டச் சிக்கல் வருமா? கடையில இல்லாத தோட்டான்னா கேள்வி கேட்பாங்களா?

நாட்டுக்கு நாடு மாறும். எதை வாங்கும் முன்பும் உங்கள் உரிமம் எதை அனுமதிக்கிறது என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு எடுத்துக்காட்டு. கலிபோர்னியா 2004-இல் இயற்றிய சட்டம் .50 பிஎம்ஜி துப்பாக்கியைப் பெயர் சொல்லியே கட்டுப்படுத்தியது. கனடாவின் 2020 ஆணை பெயரைப் பார்க்காமல் ஆற்றலைப் பார்த்தது: 10,000 ஜூலுக்கு மேல் குண்டைச் செலுத்தக்கூடிய துப்பாக்கிகளுக்குத் தடை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 350 கிரெயின் குண்டு நொடிக்கு 914 மீட்டரில் 9,470 ஜூல். அதே துப்பாக்கியில் 407 கிரெயின் குண்டு 884 மீட்டரில் 10,300 ஜூல். குண்டை மாற்றினாலே கோட்டைத் தாண்டிவிடும். ஆற்றல் வரம்பு உள்ள இடத்தில் இம்ப்ரூவ்ட் கூடும் கனமான குண்டும் இந்தக் கணக்கோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டியவை.

நானும் நண்பனும் ஒரே பேர் உள்ள வைல்ட்கேட்தான் வச்சிருக்கோம். தோட்டாவை மாத்திச் சுடலாமா?

கூடாது. பதிவுபெற்ற தோட்டாவுக்குப் பெயர் ஒரு உத்தரவாதம். வைல்ட்கேட்டில் அது வெறும் பெயர். இரண்டு ரீமர் செய்பவர்கள் ஒரே பெயரில் வேறு தோள் இடமும், வேறு கழுத்து விட்டமும், வேறு தொண்டையும் வைத்திருப்பார்கள். அவருடைய தோட்டா உங்கள் சேம்பரில் நுழைந்து போல்ட் மூடிவிடுவதே பெரிய ஆபத்து. கழுத்து இறுகி இருந்தால் குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் ஏறும். தோள் பின்னால் இருந்தால் கூடு அடிக்கு மேலே நீண்டு கிழியும்.

குழலில் தோட்டாவின் பெயரோடு ரீமர் எண்ணையும் பொறிக்கச் சொல்லுங்கள். தோட்டாப் பெட்டியிலும் அதே எண்ணை ஒட்டுங்கள். ஒரே தாய்க்கூட்டில் இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவர் சுடுமேசைக்கு ஒரு நேரத்தில் ஒரு துப்பாக்கியின் பெட்டியை மட்டும் கொண்டு போக வேண்டும். குழல் தேய்ந்து புதியது போடும்போது அதே ரீமரையே பயன்படுத்துங்கள். அப்போதும் பழைய தோட்டாக்களை அப்படியே போட்டுவிடாமல், ஹெட்ஸ்பேஸை அளந்து பார்த்து, தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறுங்கள்.